தவிட்டுக்கு விற்ற தூக்குச்சட்டி

பிப்ரவரி 4, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் கீழ்த்தளத்து ஜெயசீலன். முப்பத்திரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எப்படிச் சொன்னாலும் அவர் அதைப் புகார் மனு மாதிரி நேராக்கித்தான் எழுதுவார். எழுதியதை வாசித்துக் காட்டுவார். மாற்றச் சொன்னால் முனகிக்கொண்டே மாற்றுவார்.

எதற்கு இதெல்லாம் என்று முதலில் கேட்டார். வீட்டில் சாமான் போய்க்கொண்டிருக்கிறது, எது எப்போது போயிற்று என்று என் தலைக்குள் இருக்கிறது, ஆனால் என் தலையை யார் நம்புவார்கள் என்றேன்.

"அப்போ தேதி போட்டு வை பிச்சாண்டி. தேதி இல்லாத பேச்சு கேஸுல நிக்காது" என்றார்.

நடந்தது இது. பொங்கல் முடிந்த வாரம் என் மகன் தணிகைவேலும் மருமகள் யாமினியும் டிவியில் ஒரு ஆவணப்படம் பார்த்தார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஏதோ குளிர் தேசத்துக் குடும்பம். வெள்ளைச் சுவர், ஒரு மேஜை, ஆளுக்கு ஒரு தட்டு. சாமானைக் குறைத்தால் மனசு லேசாகும் என்று சொல்கிறார்கள் மாமா என்று யாமினி எனக்கு விளக்கினாள். படம் முடிந்ததும் அவள் அழுதாள். தணிகை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் காலையிலேயே அலமாரிகளைத் திறந்துவிட்டார்கள்.

நாற்பத்தொரு வருஷம் புளியந்தோப்பில் தள்ளுவண்டியோடு பழைய இரும்பு, பேப்பர், பாட்டில் எடுத்தவன் நான். ஜனங்கள் எப்போது சாமானை வெளியே போடுவார்கள் என்று தெரியும். வீடு மாறும்போது போடுவார்கள். சாவு விழுந்தால் போடுவார்கள். புதுசு வாங்கினால் போடுவார்கள். படம் பார்த்துப் போடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மூன்று மூட்டை போயிற்று. இட்லிக் குண்டான், இரும்புத் தோசைக்கல், பழைய போர்வை நான்கு, என் மடக்குக் கட்டில்.

தரையில் படுப்பது முதுகுக்கு நல்லது என்றாள் யாமினி. படத்தில் அப்படிச் சொன்னார்களாம்.

பிப்ரவரி 12, புதன்

இன்று அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிச் சணல் போட்டுக் கட்டினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கட்டைத் தூக்கிப் பார்த்தால் எடை தெரியும் எனக்கு, தராசு வேண்டாம். படம் பார்த்த நாளிலிருந்து இன்றுவரை இந்த வீட்டுக்கு வந்த பெட்டிகள் நாற்பத்தாறு. அதற்கு முந்தைய மாதம் ஒன்பதுதான்.

வந்தவை என்னவென்றால், ஒரே மாதிரி கண்ணாடி ஜாடிகள் இரண்டு டஜன், மூங்கில் பல்துலக்கி, மூங்கில் சீப்பு, வெள்ளைக் கிண்ணங்கள், சாமானைக் குறைப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம் ஐந்து, மிச்சச் சாமானை உள்ளே வைத்து மூட வெள்ளைப் பெட்டிகள். இரும்புத் தோசைக்கல் போன இடத்துக்கு வேறொரு தோசைக்கல் வந்திருக்கிறது. அது கறுப்பாக இல்லை.

இதைத் தணிகையிடம் சொன்னேன். "அது வேறப்பா. இது கான்ஷியஸா வாங்கறது" என்றான். ரைட்டரிடம் அர்த்தம் கேட்டேன். தெரிந்தே வாங்குவது என்றார். தெரியாமல் எவன் வாங்குவான்?

பிப்ரவரி 20, வியாழன்

நிரஞ்சன் என்று ஒரு தம்பி வந்தான். யாமினியின் கல்லூரித் தோழியின் அண்ணன். குறைவான சாமானோடு வாழும் குடும்பங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறானாம். எட்டு வீடு முடிந்துவிட்டது, எங்களுடையது ஒன்பதாவது. நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். கைகூப்பிப் பேசினான். கால்மேல் கால் போடவில்லை.

வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தான். அங்கே இருந்தது ஒரு பாய், ஒரு தலையணை, இரண்டு வேட்டி, மூன்று சட்டை, ஒரு தூக்குச்சட்டி. "ஐயாதான் உண்மையான ஆளு" என்றான் தணிகையிடம். தணிகைக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்னை வைத்து அவன் முகம் மலர்ந்து பல வருஷம் ஆகிறது.

தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எவர்சில்வர். பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்: கு. குப்பம்மாள். என் மனைவி. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்தப் புள்ளிகளில் விரல் வைத்தால் எந்த இடத்தில் பெயர் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியும். கைப்பிடி ஒரு சமயம் உடைந்துபோய் நானே சைக்கிள் சக்கரக் கம்பியை வளைத்து மாட்டினேன். முப்பது வருஷம் மத்தியானம் அவள் இதில்தான் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. காலையில் நான் கஞ்சி குடிப்பது இதில்தான்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் இருபத்துமூன்று. அதில் மிச்சம் இந்த ஒன்று. மற்றவை என்னாயின என்று ரைட்டர் கேட்டார். அதை இப்போது எழுத வேண்டாம் என்றேன். பேனாவை மூடினார்.

மார்ச் 1, சனி

நாளைக்குப் படப்பிடிப்பு. வீட்டை வெறுமையாகக் காட்ட வேண்டுமாம். சோபா, குளிர்பெட்டிக்கு மேலே இருந்தது, கட்டிலுக்கு அடியில் இருந்தது, வெள்ளைப் பெட்டிகள், துணி காயப்போடும் ஸ்டாண்டு, மூன்று சூட்கேஸ், நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷின், ஜாடிகளில் பாதி, எல்லாவற்றையும் என் அறைக்குள் அடுக்கினார்கள். நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். வண்டியில் சுமை ஏற்றத் தெரிந்தவனுக்கு ஒரு அறை எம்மாத்திரம். கதவைச் சாத்த தணிகை தோளால் முட்ட வேண்டியிருந்தது.

நான் எங்கே படுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. ரைட்டர் வீட்டு ஹாலில் படுத்தேன். அவர் சம்சாரம் தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

சாமான் இல்லாத வீட்டைப் படம் எடுக்கப் பதினோரு பேர் வந்தார்கள். கீழே இரண்டு வேன். விளக்கு, குடை, கம்பி, பெட்டி. அவர்கள் செருப்பு மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது.

காலை முழுக்கத் தணிகையும் யாமினியும் தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒரே டீயை ஏழு தடவை.

மத்தியானம் நிரஞ்சன் என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசியாக ஒரு காட்சி வேண்டும், நீங்கள் அந்தத் தூக்குச்சட்டியைக் கொடுப்பது போல, என்றான். முடியாது என்றேன். தணிகை, அப்பா ப்ளீஸ் என்றான்.

"நெஜமா குடுக்க வேணாங்க ஐயா. குடுக்கிற மாதிரி. ஷாட் முடிஞ்சதும் உங்க கையிலயே வந்துடும்" என்றான் நிரஞ்சன்.

நான் ஏன் சரி என்றேன் என்று ரைட்டர் கேட்கிறார். சொல்கிறேன். என் மாமியாருக்கு முதல் மூன்று பிள்ளையும் தங்கவில்லை. நாலாவது பெண் பிறந்ததும் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு முறம் தவிடு கொடுத்து அந்தப் பிள்ளையை விலைக்கு வாங்கினாள். பத்தடி நடந்தாள். திரும்பி வந்து பெற்றவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். வேண்டாத பிள்ளை, விற்ற பிள்ளை என்று எமன் நினைத்துக்கொள்வான், எடுக்க மாட்டான். அப்படித் தங்கினவள்தான் குப்பம்மாள். எங்கள் ஜனத்தில் விற்கிற மாதிரி விற்பது உண்டு. வாங்கின கை திருப்பித் தராமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அதனால் கொடுத்தேன். கொஞ்சம் சிரியுங்கள் ஐயா என்றான். மூன்றாவது தடவையில் சிரித்தேன்.

மார்ச் 3, திங்கள்

தூக்குச்சட்டி வரவில்லை. கஞ்சியை டம்ளரில் குடித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு வாரம் பொறுத்துத் தணிகையிடம் கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்கே அவர்கள் கொடுத்துவிட்டார்களே என்றான். எனக்கு வரவில்லை என்றேன்.

"வாங்கி எங்கயோ வெச்சுட்டு மறந்துட்டீங்கப்பா. இப்பல்லாம் அடிக்கடி மறக்கறீங்க."

எதை மறந்தேன் என்று கேட்டேன். யாமினி அடுப்பங்கரையில் நின்று எங்களைப் பார்த்தாள். சட்டி எங்கே என்று அவளுக்கும் தெரியாது என்று தோன்றியது.

என் அறையில் இன்னும் சோபா நிற்கிறது. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரிக்கிறேன். அத்தனை சாமானையும் இறக்கித் தேடினேன். இல்லை என்று தெரிந்தே தேடினேன்.

மார்ச் 14, வெள்ளி

மறதி டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டர் மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். சொன்னேன். பிறகு ஒரு காகிதம் கொடுத்துக் கடிகாரம் வரைந்து நம்பர் போடச் சொன்னார். வட்டம் மட்டும் போட்டேன். ஏதாவது ஒரு வரி எழுதச் சொன்னார். பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு அட்டையைக் காட்டி, இதில் உள்ளபடி செய்யுங்கள் என்றார். கண்ணை மூடு என்று அதில் எழுதியிருந்ததாம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று தணிகை சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் டாக்டரும் அவனும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அவனுக்குக் கூச்சம் என்று எனக்குப் புரிந்தது. சரி, நானும் சொல்லவில்லை.

ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞாபகத்துக்கு.

"யோவ், நீயாவது வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று ரைட்டர் திட்டினார். அதையும் எழுதிக்கொள்ளும் என்றேன்.

மார்ச் 22, சனி

இந்தப் பக்கத்தில் உள்ள பழைய சாமான் கடை மூன்றுக்கும் நடந்தேன். மூன்றாவது கடைக்காரர் எங்கள் குடியிருப்பில்தான் மூட்டை எடுக்கிறவர். எங்கள் தோசைக்கல் அவர் கடை வாசலில் கிடந்தது. தூக்குச்சட்டி வரவில்லை என்று சத்தியம் பண்ணினார். தொழிலில் இருந்தவனிடம் தொழில்காரன் பொய் சொல்ல மாட்டான்.

"போன மாசம் உங்க அபார்ட்மெண்டுல ஏழு வீடு சாமான காலி பண்ணுச்சு பெருசு. எல்லாம் அதே படம்தான். இப்ப அட்டைப்பெட்டிதான் வருது, லோடு லோடா" என்றார்.

ஏப்ரல் 26, சனி

குடியிருப்புக் கூடத்தில் இன்று சாயந்தரம் படத்தைப் போட்டார்கள். எல்லோரும் வந்திருந்தார்கள். ரைட்டர் எனக்குப் பக்கத்தில். தணிகை ஒரு வெள்ளைச் சட்டை புதிதாக வாங்கியிருந்தான், வெள்ளைச் சட்டைகள் ஏற்கெனவே மூன்று இருக்க.

எங்கள் வீடு வந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெயில் விழுந்த தரை, இரண்டு டீ டம்ளர். பின்னால் மூடிய கதவு ஒன்று தெரிந்தது. என் அறைக் கதவு. அதற்குள் என்ன இருந்தது என்று அந்தக் கூடத்தில் நான்கு பேருக்குத்தான் தெரியும்.

அப்புறம் நான் வந்தேன். தூக்குச்சட்டியை நீட்டுகிறேன், இரண்டு கைகள் வாங்கிக்கொள்கின்றன, சிரிக்கிறேன். கீழே எழுத்து ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ரைட்டரைக் கேட்டேன். அவர் சொல்லவில்லை. முழங்கையால் இடித்தேன்.

காதோரம் குனிந்து வாசித்தார்: "நினைவுகள் மங்கிவரும் இந்த முதியவர், மறைந்த மனைவியின் கடைசிப் பொருளையும் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுக்கிறார்."

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி, உங்க மனசு யாருக்கு வரும் ஐயா என்றாள்.

படத்தின் கடைசியில் நிரஞ்சன் அவனுடைய ஆபீஸில் உட்கார்ந்து பேசினான். குறைவே நிறைவு என்பது மாதிரி ஏதோ. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவனுக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தேன். மேல்தட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி தொங்கியது. அதிலிருந்து ஒரு செடியின் கொடி கீழே இறங்கியிருந்தது. கைப்பிடி சைக்கிள் கம்பி.

லிஃப்டில் தணிகையும் நானும் மட்டும். கேட்டேன்.

"அவரு கேட்டாருப்பா. ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் ஞாபகமா ஒண்ணு வெச்சுக்குவாராம். உங்ககிட்ட கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"கேட்டியா?"

லிஃப்ட் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினான்.

"சரி, குடுத்துட்ட. டாக்டராண்ட எதுக்குடா இட்டுனு போன?"

மேலே எரிகிற நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் மாடி வந்தது. கதவு திறந்தது. யாரும் இறங்காமலே ஒரு தடவை மூடிக்கொண்டது.

ஏப்ரல் 28, திங்கள்

ரைட்டர் புகார் எழுதலாம் என்றார். எழுதினால் நிற்குமா என்றேன். யோசித்துவிட்டு, நிற்காது, நீ சிரித்துக்கொண்டே கொடுப்பதை ஊரே பார்த்திருக்கிறது என்றார்.

ஆட்டோ பிடித்து ஆழ்வார்பேட்டைக்குப் போனோம். வழியில் மாட்டுத் தீவனக் கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு பொட்டலம் தவிடு வாங்கினேன். டாக்டர் சொன்னது சரிதானோ என்பது போல ரைட்டர் என்னைப் பார்த்தார்.

நிரஞ்சனின் ஆபீஸ் அறையில் கால் வைக்க இடமில்லை. பழைய ரேடியோ, காபி அரைக்கும் மெஷின், மரப்பாச்சி, பித்தளைக் கூஜா, தையல் மெஷினின் தலை மட்டும். ஒன்பது வீட்டுச் சாமான். என் தொழிலில் நான் இதைவிடச் சின்ன இடத்தில் சாமான் போட்டு வைத்திருந்தேன், ஆனால் நான் எதையும் அலமாரியில் வைக்கவில்லை.

அவன் எழுந்து நின்றான். மரியாதையான பிள்ளைதான்.

"இதெல்லாம் சாமான் இல்லீங்க ஐயா. கதைங்க" என்றான்.

"கதைன்னா வாயில வெச்சுக்கோ தம்பி. சட்டி எதுக்கு?"

பொட்டலத்தை அவன் மேஜையில் பிரித்து வைத்தேன். இந்தத் தவிட்டை வாங்கிக்கொள், பிள்ளையைக் கொடு என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ரைட்டர் குப்பைமேட்டுக் கதையைச் சொன்னார், போலீஸ்காரக் குரலில், சுருக்கமாக. கேட்கக் கேட்க அந்தத் தம்பிக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தான்.

"ஐயா, தவிட்ட வெச்சீங்களே, அத இன்னொரு தடவ வெக்க முடியுமா? கொஞ்சம் இந்தப் பக்கம், வெளிச்சத்துல."

அவன் போனில் ஆங்கிள் பார்ப்பதற்குள் நான் ஸ்டூல் மேல் ஏறித் தூக்குச்சட்டியைக் கழற்றிவிட்டேன். எழுபத்தாறு வயதில் ஏறக்கூடாதுதான். ரைட்டர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கொடியை வேரோடு பிடுங்கித் தவிட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மண்ணைத் தட்டினேன்.

அடியில் மூன்று ஓட்டை. தண்ணீர் இறங்குவதற்காக மெஷின் வைத்துப் போட்டிருக்கிறான்.

செடி செத்துவிடக்கூடாதே என்றுதான் ஐயா என்றான்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் வேட்டியில் மண் கொட்டியது.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் யாமினி தூக்குச்சட்டியை வாங்கிப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். குழாயடியில் பிடித்தபோது மூன்று கோடாகத் தண்ணீர் இறங்கியது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அந்தக் குளிர் தேசத்துப் படத்துல வந்தாங்களே, அவங்க வீட்டுலயும் இப்படி ஒரு ரூம் இருந்திருக்குமா?"

"கதவச் சாத்தியிருப்பாங்கம்மா" என்றேன்.

இன்று என் அறையிலிருந்து சோபாவை வெளியே இழுத்துப் போட்டாள். தனியாகவே. தணிகை ஆபீஸுக்குப் போயிருந்தான். நேற்று வந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: ஓட்டைச் சட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள்? அந்த மறதி மாத்திரை மட்டும் மேஜையிலிருந்து காணாமல் போயிருக்கிறது. எடுத்தது அவன்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் அப்படித்தான் கேட்பான். அதற்கு மேல் எனக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் கேட்கிற யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்று இப்போது சொல்கிறேன்.

ரைட்டர், அன்றைக்குப் பேனாவை மூடினீரே, அதை எழுதிக்கொள்ளும்.

தணிகை இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் அவன் ஃபீஸுக்காக முதலில் போனது பெரிய தவலை. அவள் தாய்மாமன் கொடுத்தது. அப்புறம் குடம் இரண்டு. அடுத்த வருஷம் ஐந்து அடுக்கு, பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக. அண்டா, தாம்பாளம், குத்துப்போணி, அவள் சிநேகிதி முனியம்மா கொடுத்த டிபன் கேரியர். நாலு வருஷத்தில் இருபத்திரண்டு. வேறு கடைக்கு எடுத்துப் போகவில்லை. என் வண்டியிலேயே போட்டுக்கொண்டு போனேன். நான் தினமும் இரும்பு போடுகிற கடையிலேயே எடைக்குப் போட்டேன். பெயர் வெட்டியிருந்தால் பிறத்தியார் சாமானோ என்று கேள்வி வரும் என்பதால் ஒவ்வொரு பெயரையும் நானே சுத்தியால் தட்டி அழித்தேன். அவள் பெயரை இருபத்திரண்டு தடவை. இது தணிகைக்குத் தெரியாது. அவள் சொல்லவிடவில்லை.

கடைசியில் தூக்குச்சட்டியை எடுத்தபோது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது இல்லாம உனக்குச் சோறு எதுல எட்த்தாருவேன்?" என்றாள். விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எங்களிடம் இருந்தது ஒரு சட்டி, ஒரு தூக்கு, இரண்டு தட்டு. அந்த வெறும் வீட்டை யாரும் படம் எடுக்க வரவில்லை. எங்கள் மனசு லேசாகவும் இல்லை.

ஒவ்வொரு தடவையும் அவளிடம் நான் சொன்னது, நிரஞ்சன் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. உன் கையிலேயே வந்துடும், குப்பு.

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவள் அப்புறம் கேட்கவே இல்லையா என்றார்.

கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் இருந்த பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. எனக்கு எதுவும் மறக்காது என்று அவளுக்குத் தெரியும்.